நாற்பது ஜிபியும் ஞாயிறு நாலு மணியும்

அந்த வீட்டில் சோப்பு தீர்ந்தால் மருமகள் பார்த்துக்கொள்வாள். பெரியவரின் மாத்திரை தீர்ந்தால் காலி அட்டையை மேசை மேல் எடுத்து வைப்பார். யாராவது வாங்கி வருவார்கள். டேட்டா தீர்ந்தால் மட்டும் வீட்டின் முகமே மாறிவிடும். கதவுகள் சத்தமாகச் சாத்தப்படும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி வாக்கில் இது தவறாமல் நடந்தது.

வீட்டு மகனுக்கு அவன் மனைவி வைத்த பெயர் மீட்டர். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே இன்டர்நெட் பெட்டியின் கணக்குப் பக்கத்தைத் திறந்து எத்தனை ஜிபி மிச்சம் என்று பார்ப்பான். பார்த்ததைச் சத்தமாகவும் சொல்வான்.

"இருபத்தொன்னு புள்ளி நாலு."

"இன்னிக்கு மழை உண்டா, மீட்டர்?" என்பாள் அவள் சமையலறையிலிருந்து. அவள் துணிக்கடையில் பில் போடுகிறவள். செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. தன் போனில் இருந்த சொற்ப டேட்டாவையும் அவன் மாதக் கடைசியில் இழுத்துக்கொள்வான் என்பதால் அவள் போனில் எதையும் பார்ப்பதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கிண்டல் ஒன்றுதான் அவளுக்கு அளவில்லாமல் கிடைத்தது.

அவன் பத்தொன்பது வருடம் ஒரு ஸ்டுடியோவில் படம் பிடித்தவன். ஸ்டுடியோ மூடி, அந்த இடத்தில் போன் உறை விற்கும் கடை வந்தபோது, முதலாளி சம்பள பாக்கிக்குப் பதிலாகக் கேமராவைக் கொடுத்து அனுப்பினார். அதன்பிறகு அவன் இணையத்தில் படம் விற்கத் தொடங்கினான். கைகுலுக்கும் இரண்டு கைகள், தும்மும் பெண், உடைந்த குடை என்று யாருக்கோ எதற்கோ தேவைப்படும் படங்களை வாங்கி வைத்திருக்கும் தளங்கள் இருக்கின்றன. விளம்பரம் செய்கிறவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்வார்கள். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் படம் பிடித்தவனுக்குச் சொற்பமாக ஏதோ வரும். நிறையப் படம் இருந்தால்தான் அந்தச் சொற்பம் பிழைப்பாகும்.

ஒரு படம் இருபது எம்பி. சுருக்கி அனுப்பலாம், ஆனால் பெரிய சுவரொட்டி அடிக்கிறவன் முழு அளவைத்தான் கேட்பான், அவன்தான் நன்றாகக் கொடுப்பான். ஐந்து தளங்களுக்கு ஏற்றினால் நூறு எம்பி. தொண்ணூறு சதவீதம் ஏறிய பிறகு இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறுந்ததும் கணக்கில் சேரும். படத்தில் தூசித் துகள் தெரிகிறது என்று தளம் திருப்பி அனுப்பினால், சரிசெய்து மறுபடி ஏற்ற வேண்டும், அதுவும் சேரும். கட்டடம் ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருந்தது. கேபிள்காரர்கள் வந்து பார்த்து, கழுத்தைச் சொறிந்து, போய்விட்டார்கள். ஆகவே ஜன்னல் திட்டில் டவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் சிம் பெட்டிதான் கதி. மாதம் நாற்பது ஜிபி. அது முடிந்தால் இணைப்பு துண்டிக்கப்படுவதில்லை. அதைவிட மோசமாக, தவழும். ஒரு படம் ஏற அரை நாள் ஆகும், ஏறாமலும் போகும். வாரா வாரம் புதுப்படம் ஏற்றாதவனின் பழைய படங்களைத் தளங்கள் பின் பக்கங்களுக்குத் தள்ளிவிடும். அங்கே போய் யாரும் தேட மாட்டார்கள்.

மேசைக்கு எதிரே ஜன்னலோரம் அவன் அப்பா உட்கார்ந்திருப்பார். முப்பத்தொரு வருடம் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். "எத்தனாவது மாடி?" என்று நாள் முழுக்கக் கேட்ட குரல். இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் சின்ன வெள்ளைத் துணி. கை நடுங்கியதால் எழுதவும் முடியவில்லை. கையெழுத்து மட்டும் எப்படியோ மிச்சமிருந்தது.

அவரோடு பேசக் கற்றுக்கொண்டது ஒரே ஒருத்தி, வெளிநாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கும் மகள். ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினாள். ஞாயிறு நாலு மணிக்கு வீடியோவில் வருவாள். "எத்தனாவது மாடிப்பா?" என்று அவருடைய கேள்வியையே அவரிடம் திருப்பிக் கேட்பாள். அவர் விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் அந்த வாரம் மோசம். மூன்று என்றால் ஓடுகிறது. ஐந்தையும் விரித்தால் மொட்டை மாடி. அங்கிருந்து தொடங்கி ஒரு மணி நேரம் கையால் பேசுவார்: பக்கத்து வீட்டுக்காரரின் நடை, மருமகளின் கோபம், மகன் ஜிபி எண்ணும் அழகு எல்லாமே. மகள் சிரித்துச் சிரித்து இருமுவாள். குரல் போன மனிதருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் வாய் இருந்தது. அவருக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஒரு மணி நேர வீடியோ ஒன்றேகால் ஜிபி. மாதம் நாலு ஞாயிறு, ஐந்து ஜிபி. ஐம்பது படம். மகன் இதைக் கணக்குப் போட்ட நாளில் கெட்டவன் ஆகிவிட்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் அளக்க ஆரம்பித்த எதையும் மனிதன் பழையபடி பார்ப்பதில்லை. அப்பாவின் விரல்கள் ஆடும்போதெல்லாம் அவன் கண் பெட்டியின் பச்சை விளக்குக்குப் போனது.

அவன் முதன்முதலாக வீடியோவைத் தடுத்த ஞாயிறு பத்தொன்பதாம் தேதியில் வந்தது. மிச்சம் மூன்று புள்ளி ஒன்று. முப்பத்தொரு படம் வரிசையில் நின்றது. மூன்றரை மணிக்கு அவன் பெட்டியின் கணக்குப் பக்கத்தில், இணைப்பு தரக்கூடாத கருவிகளின் தடைப் பட்டியலைத் திறந்து டேப்லெட்டை அதில் சேர்த்தான். தங்கை முயன்று பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பினாள். அப்பா தூங்குகிறார் என்று பதில் போட்டான்.

அப்பா தூங்கவில்லை. மகள் அனுப்பிய நீலக்கட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை சீவி, டேப்லெட்டைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்து எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். நாலு இருபதுக்கு அவர் வலது கை எழுந்து, திரையைத் தொடாமல், ஓர் அங்குலம் தள்ளி நின்றது. கதவு மூடும் நேரத்தில் தூரத்தில் யாரோ ஓடி வருவதைப் பார்த்த லிஃப்ட்காரரின் கை அப்படித்தான் பொத்தானுக்கு முன்னால் நிற்கும்.

சமையலறை வாசலில் நின்ற மகன் அதைப் பார்த்தான். இடப்பக்கக் கன்னத்தில் சாய்ந்த வெயில். பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவனுக்குக் கிடைக்காத முகம். கேமராவை எடுத்து வந்து பதினொரு தடவை அழுத்தினான். அப்பா திரும்பவே இல்லை.

முகம் தெரியும் படத்துக்குச் சம்பந்தப்பட்டவரின் சம்மதப் படிவம் வேண்டும். அப்பா எப்போதும் போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது: நோய், வறுமை, கொடுமை பற்றிய விளம்பரங்களிலும் இந்த முகத்தைப் பயன்படுத்தலாம். அதை டிக் செய்தால் படம் கூடுதலாக விற்கும். மகன் டிக் செய்தான். பிறகு தேடுகிறவர்களுக்கு உதவும் குறிச்சொற்களை அடித்தான்: முதியவர், தனிமை, காத்திருப்பு, கைவிடப்பட்டவர், ஜன்னல், ஏக்கம். நாற்பது சொல் அடித்தான். மகள் என்ற சொல் அதில் இல்லை. வீடியோவிலிருந்து மிச்சம் பிடித்த டேட்டாவில்தான் அந்தப் படம் ஐந்து தளங்களுக்கும் போனது.

பத்து நாளில் அது விற்றது போல அவன் படம் எதுவும் விற்றதில்லை. அதுவும் முழு அளவில்.

அடுத்த மாதம் பிறந்து நாற்பது ஜிபி திரும்ப வந்தது. முதல் ஞாயிறு முப்பத்தெட்டு புள்ளி ஆறு மிச்சம். வீடியோவைத் தடுக்க ஒரு காரணமும் இல்லை. தடைப் பட்டியலைத் திறந்தான்; டேப்லெட்டின் பெயர் மேல் சுட்டியை வைத்தான்; சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு மூடினான். காரணம் தீர்ந்த பிறகும் ஒரு காரியம் தொடர்ந்தால் அதற்கு வேறு பெயர் உண்டு. அவன் அதைத் தேடிப் போகவில்லை.

"நெட் சரியாயிடுச்சுப்பா. இன்னிக்குக் கூப்பிடுவா," என்றான் அப்பாவிடம்.

அப்பா குளித்தார். காலர் பட்டன் போட மகனிடம் கழுத்தை நீட்டினார். அவனும் பொறுமையாகப் போட்டுவிட்டான். நாலரை மணிக்கு அந்த முகம் மறுபடி வந்தது.

தங்கையிடம், உணர்ச்சிவசப்பட்டால் கழுத்துப் புண் வீங்குகிறது, வீடியோ வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றான். அவள் முதியவர்களோடு பழகியவள். டாக்டர் சொன்னால் மறுத்துப் பேசமாட்டாள். சாதாரணப் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டால் அப்பா மேசையில் தட்டுவார், ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. ஏன் வீடியோவில் வரமாட்டேன் என்கிறாய் என்று கேட்க எத்தனை தட்டு தட்டுவது? அவள் பேசப் பேச அவர் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவளுக்கு அது மரத்துக்குள் கரையான் அரிப்பதைக் கேட்பது போல இருந்ததாம். அழைப்புகள் சுருங்கின. அப்புறம் குரல் செய்தி மட்டும் அனுப்ப ஆரம்பித்தாள்: "அப்பா, எத்தனாவது மாடிப்பா?"

ஒரு செவ்வாய்க்கிழமை மருமகள் மாமனாரைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏங்க, மாமா ஏன் செவ்வாய்க்கிழமையும் ஞாயித்துக்கிழமை சட்டையைப் போட்டிருக்காரு?"

"நான்தான் போடச் சொன்னேன். படத்துக்கு."

"உங்க தங்கச்சி வீடியோல வர்றாளா இல்லையா?"

"வர்றா, வர்றா. நீ கடையில இருக்கறப்ப."

அவள் பெரியவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் ஆட்டி ஏதோ சொன்னார். நாத்தனாரைப் போல அவளுக்கு அது புரியாது. கற்றுக்கொண்டிருக்கலாம். அந்த மாதம் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்திருந்தது. அது வேலை முடித்துக் கூவியது. அவள் துணி எடுக்கப் போனாள்.

மூன்றாம் மாதத்தில் தொழில் சிக்கல் வந்தது. அப்பாவின் முகத்திலிருந்து காத்திருப்பு வடிந்துவிட்டது. சட்டை, தலைவாரல், வெயில் எல்லாம் இருந்தன, முகம் காலி. அவர் கேமராவுக்காக உட்கார்ந்திருந்தார். மகன் சொல்லிக்கொடுத்துப் பார்த்தான். கேமராவைப் பார்க்காதீர்கள், மோவாயைக் கொஞ்சம் கீழே, டேப்லெட்டின் அடி விளிம்பைப் பாருங்கள், அப்போதுதான் இமை தாழும். அப்பா சொன்னபடி செய்தார். சொன்ன மாடிக்கு முப்பத்தொரு வருடம் மனிதர்களைக் கொண்டுபோய் விட்டவர். கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையை மகன் பக்கம் விரித்துக் காட்டுவார்: போதுமா?

"போதும்பா," என்பான் மகன்.

தளங்கள் அந்தப் படங்களை ஏற்றுக்கொண்டன. வாங்க ஆளில்லை.

"நடிக்கிறீங்கப்பா நீங்க," என்று ஒருநாள் அவன் சலித்துக்கொண்டான்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. தங்கையின் குரல் செய்தியைத் தன் போனில் வைத்து, போனை டேப்லெட்டுக்குப் பின்னால் ஒளித்து, வெயில் வந்த நேரம் பார்த்து அழுத்தினான். "அப்பா, எத்தனாவது மாடிப்பா?"

அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. முகம் முழுவதும் ஒளி ஏற, இருண்ட திரையைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்தார். விரித்தபடியே வைத்திருந்தார். திரையில் யாரும் வரவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மகன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான்.

அந்த வரிசை முதல் படத்தைவிட நன்றாகப் போனது. ஆனால் மறுவாரம் அதே குரலுக்கு மூன்று விரல்தான் எழுந்தது. அதற்கும் அடுத்த வாரம் ஒன்று. பிறகு அந்தக் குரல் கேட்டதும் அப்பா ஜன்னல் பக்கம் கன்னத்தைத் திருப்பி, மோவாயைத் தாழ்த்தி, அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டார். குரல் வந்தால் படம் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் இனி குழப்பமில்லை.

ஆறாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். அவன் படங்களுக்குக் குறிச்சொல் அடித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டான். மனைவி தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அப்பா எங்க?"

"இப்பதான் மாத்திரை போட்டுப் படுத்தாரு."

"எழுப்பு."

அவள் குரலில் அழுகை இல்லை. வேலை பார்க்கும் இல்லத்தில் நேற்று ஒரு பயிற்சி வகுப்பு என்றாள். வீட்டாரால் கவனிக்கப்படாத முதியவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று பாடம். சுவரில் பெரிதாக ஒரு படத்தைக் காட்டி, இவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது, சொல்லுங்கள் என்றாராம் பாடம் எடுத்தவர். ஒருத்தி, துணி சுத்தமாக இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை என்றாளாம். இன்னொருத்தி, ஆனால் யாரோ வருவதாகச் சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள், கையைப் பாருங்கள் என்றாளாம்.

"ஆளாளுக்குப் பதில் சொன்னாங்கண்ணா. சரியாத்தான் சொன்னாங்க. நான் சட்டையைப் பாத்தேன். ரெண்டாவது பட்டன் வேற கலர். அது உதிர்ந்துபோய், அனுப்பறதுக்கு முன்னாடி நானே தெச்சது."

மீட்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். தரை துடைத்த கையும் நின்றது.

"அப்பாவுக்கு எதிர்ல டேப்லெட். இருட்டா இருக்கு. அன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே?"

அவன் டவர், மாதக் கடைசி, நாற்பது ஜிபி, ஐந்து தளம் என்று ஆரம்பித்தான். அவள் முழுக்கக் கேட்டாள்.

"டேட்டாதானா? என்கிட்ட சொல்லியிருந்தா நான் போட்டுவிட்டிருப்பேனே."

"உன்கிட்ட கையேந்தச் சொல்றியா?"

"அப்பா கையைத்தான் ஊரெல்லாம் ஏந்த விட்டிருக்கியே."

அந்தப் படத்தை எடுத்துவிடு என்றாள். தளத்திலிருந்து எடுக்கலாம், விற்றதை யாரிடமிருந்தும் திருப்பி வாங்க முடியாது என்று அவன் விதியைச் சொன்னான். விதியைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. எதிர்முனையில் அவள் எதையோ தட்டினாள். பிறகு போன் சிணுங்கி ஒரு செய்தி வந்தது: உங்கள் கணக்கில் நூறு ஜிபி சேர்க்கப்பட்டது.

நூறு ஜிபி என்றால் ஆயிரம் படம் என்று அந்த நிலையிலும் அவன் மனம் பெருக்கிப் பார்த்தது. மனிதன் எதற்காக வெட்கப்பட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. வெட்கத்தைவிடப் பழக்கம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

"வீடியோல வர்றேன். இப்பவே," என்றாள் தங்கை.

மனைவி ஈரத்துணியைப் போட்டுவிட்டு வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். தடைப் பட்டியலில் டேப்லெட்டின் பெயரைப் பார்த்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய நாள் எது என்று அவளுக்குத் தெரியும். அவன் தடையை நீக்கினான்.

அவள்தான் பெரியவரைக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ஜாடியில் டேப்லெட் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். சட்டை. "வேண்டாம் மாமா, பரவால்ல," என்றாள். அவர் மறுபடி தொட்டுக் காட்டினார். நீலக்கட்டச் சட்டையைக் கொண்டு வந்து போட்டுவிட்டாள். அவர் தலையைக் கையால் படிய வைத்துக்கொண்டு, மகன் போனும் கையுமாக எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் கன்னத்தைத் திருப்பினார். காலை நேரம், வெயில் மறுபக்கம் இருந்தது. அதைக் கண்டுகொண்டு தானே நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார்.

டேப்லெட் ஒலித்தது. மருமகள் தொட்டாள். வேலை உடுப்போடு மகள் திரையில் வந்தாள்.

"அப்பா."

அவர் மோவாயைத் தாழ்த்தினார். கண்கள் டேப்லெட்டின் அடி விளிம்பில் நின்றன. மகளின் முகம் அதற்கு மேலே, ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது.

"அப்பா, நான்தான். இங்க பாருங்க." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, வரவழைத்த சிரிப்போடு கேட்டாள்: "எத்தனாவது மாடிப்பா?"

அவர் அசையவில்லை. இன்னும் நன்றாக அசையாமல் இருந்தார். வலது கை எழுந்து, திரையைத் தொடாமல், ஓர் அங்குலம் தள்ளி நின்றது. சுவரில் பெரிதாகக் காட்டிய படத்தில் இருந்த அதே கை. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, நிஜமாவே அவதான். பாருங்க," என்று மருமகள் அவர் தோளைத் தொட்டாள். படம் கெட்டுவிடும் என்பது போல அவர் அவள் கையை மெல்ல விலக்கினார்.

வழக்கமான நேரம் ஆயிற்று என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலையை நிமிர்த்தாமல், உள்ளங்கையை மகன் பக்கம் விரித்தார். போதுமா?

கை விரிந்தபடியே இருந்தது. மீட்டரால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"போதும்பா," என்றான், பழக்கத்தில்.

அவர் எழுந்தார். காலர் பட்டனை அவிழ்த்து, பிறகு வேறு நிறத்தில் இருந்த இரண்டாவது பட்டனை அவிழ்த்து, சட்டையைக் கழற்றி, அடுத்த தடவைக்குக் கசங்காமல் ஆணியில் மாட்டினார். படுக்கைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். திரையில் மகள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் எதற்கு வரும் என்று அவருக்குத் தெரியும்.